தொண்ணூறு நாள் உயிரினம்

போர்டுக்காரர் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டி, ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஒரு முட்டைக்கோஸ் இலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"எக்ஸ்பிரஸ்... வெளிய வந்துடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

உள்ளிருந்து ஒரு கரப்பான்பூச்சி வந்தது. இலையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, அழைப்பு தனக்கில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போனது.

மணி ஒன்பது பத்து. கல்வி அலுவலகத்து அதிகாரி பத்துக்கு வருகிறார். எக்ஸ்பிரஸ் என்கிற நத்தையோ, எண்பத்தொன்பது நாள் கண்ணாடி ஜாடிக்குள் சமர்த்தாக இருந்துவிட்டு, தொண்ணூறாம் நாள் காலையில் ஆளைக் காணோம்.

ஒரு நத்தைதானே என்று நினைக்கலாம். இந்த நத்தை போனால் கூடவே ஊசியின் பேச்சும் போய்விடும். அதுதான் போர்டுக்காரரின் பயம்.

ஊசி அவருடைய மகள். ஏழு வயது. கண் அவ்வளவு கூர்மை என்பதால் அந்தப் பெயர். அவளை விட்டு அரை அடி நகராத ஐந்து வயதுத் தம்பிக்குக் கோந்து என்று பெயர். போன வருஷம் ஊசி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பில் நத்தைப் படம் ஒன்றை மாட்டி, கொம்பு எத்தனை என்று டீச்சர் கேட்டார். "நாலு" என்றாள் ஊசி. படத்தில் இரண்டுதான் இருந்தது. "படத்துல இருக்கறதைச் சொல்லு." "படத்துல ரெண்டு கம்மியா இருக்கு." டீச்சர் வாயை மூடச் சொன்னார். ஊசி மூடினாள். நான்கு மாதம் திறக்கவில்லை. வகுப்பில் மட்டுமல்ல, வீட்டிலும்.

போர்டுக்காரர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். வேலை வீட்டு ஹாலிலேயே. அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார வைத்து, படப் புத்தகம் காட்டினார். "இது என்ன சொல்லு பார்ப்போம்?" அவள் எழுந்து போய்விட்டாள். மறுநாளும் கேட்டார், மறுநாளும் எழுந்து போனாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டுப் பக்கத்தை மட்டும் புரட்டினார். ஆறு வாரம் புரட்டினார். ஒரு மத்தியானம் தூக்கக் கலக்கத்தில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தார்.

"தலைகீழ்" என்றாள் ஊசி.

அன்றைக்கே சிவப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில், ஜவுளிக்கடை போர்டு மாதிரி பூ பார்டரெல்லாம் போட்டு எழுதி ஹாலில் மாட்டினார்:

இங்கு கேள்வி கேட்கப்படாது.
பார்த்தவர் சொல்லலாம்.

அன்றிலிருந்து அதுதான் அந்த வீட்டின் சட்டம். பெரியவர்கள் யாராவது வாய் தவறிக் கேள்வி கேட்டால் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பார்த்ததைத்தான் எழுத வேண்டும், பார்க்காததை எழுதக் கூடாது. ஒரு நோட்டு எழுதி முடிகிற வரை அதை எழுதுகிறவளைத் தவிர வேறு யாரும் பிரிக்கக் கூடாது. பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடித்த சட்டம் ஒன்றும் உண்டு. எந்தப் படப் புத்தகமானாலும் கடைசிப் பக்கத்தில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். யானை, தொலைந்த பந்து, மழை, யாரும் இதற்கு விதிவிலக்கு இல்லை.

ஆனால் அரசாங்கத்துக்கு வேறு சட்டம். வீட்டில் படிக்கிற பிள்ளை ஓர் உயிரினத்தைத் தொண்ணூறு நாள் கவனித்து எழுத வேண்டும். தொண்ணூறாம் நாள் நோட்டையும் உயிரினத்தையும் அதிகாரியிடம் காட்ட வேண்டும். உயிரினம் உயிருடன் இருக்க வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.

போர்டுக்காரர் எழுந்து சட்டையைத் தட்டினார். ஹாலில் பிள்ளைகள் இருவரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரமாக அப்படித்தான் பார்க்கிறார்கள். 'எக்ஸ்பிரஸ்ஸை யாராவது பார்த்தீங்களா?' என்று தொண்டை வரை வந்துவிட்டது. சிவப்புப் பலகை கண்ணில் பட்டது. விழுங்கிக்கொண்டார்.

போன் அடித்தது. மனைவி. அவள் ஒன்பதாம் நம்பர் பஸ் ஓட்டுகிறாள். முதல் டிரிப்புக்கு முன்னால் டிப்போவிலிருந்து பேசினாள்.

"என்னங்க, எல்லாம் ரெடியா?"

"ரெடிதான். நத்தை மட்டும் இல்லை."



"ஏங்க, நான் அறுபது பேரை ஏத்திக்கிட்டு அவ்வளவு பெரிய பஸ்ஸைத் தொலைக்காம தினமும் கொண்டுவந்து விடறேன். உங்ககிட்ட ஒரே ஒரு நத்தை. அதுவும் ஓடாத நத்தை."

"காலைல எழுந்தப்ப ஜாடில இருந்தது."

"நான் எட்டரைக்குக் கிளம்பறப்பகூட இருந்துது. பிள்ளைங்க கேட் வரைக்கும் வந்து டாட்டா காட்டினாங்க. அதுக்கப்புறம் என்ன ஆச்சோ. கீழ பாத்தில வேற நத்தை இருக்கும், போய் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. நத்தைக்கு என்ன ஆதார் அட்டையா இருக்கு, அடையாளம் பார்க்க?"

"இருக்கே. எக்ஸ்பிரஸ் ஓடு இடது பக்கம் சுத்தினது. ஊருல எல்லா நத்தையும் வலது பக்கம். லட்சத்துல ஒண்ணுதான் இப்படி. உன் பொண்ணு எண்பத்தொன்பது நாளும் அதைப் பார்த்துத்தான் வரைஞ்சிருக்கா."

"என் பொண்ணு. நல்லது பண்ணா உங்க பொண்ணு" என்று சொல்லி மனைவி போனை வைத்தாள்.

போர்டுக்காரர் இரண்டு மாடியையும் நான்கு பாய்ச்சலில் இறங்கினார்.

கேட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு செடிப் பாத்தி. மண்டியிட்டு இலை இலையாகத் திருப்பினார். பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்தார். சாம்பல் சட்டை, கையில் குடை, காலடியில் ஒரு தோல் பெட்டி. யாருக்கோ காத்திருப்பவர் போல இருந்தார்.

"எதையோ தேடறீங்க போல" என்றார் அந்த ஆள்.

"நத்தை சார். இடது பக்கம் சுத்தினது."

"ஓஹோ."

"பத்து மணிக்கு ஒரு ஆபீசர் வரார். அதைக் காட்டலைன்னா குடும்பமே தெருவுல."

"குடும்பமேவா" என்றார் அந்த ஆள், மரியாதையாக.

"பொண்ணு பள்ளிக்கூடத்துல. அதுக்குத் தெருவே தேவலாம்."

அந்த ஆள் தன் பெட்டியைக் குனிந்து பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். வேறெதுவும் சொல்லவில்லை. போர்டுக்காரரும் கேட்கவில்லை. ஒரு வருஷப் பழக்கம், கேள்வி என்பதே நாக்கிலிருந்து உதிர்ந்துவிட்டிருந்தது.

பாத்தியின் மறுகோடியில் ஒரு நத்தை கிடைத்தது. வலச்சுழி. போர்டுக்காரருக்கு மூளையில் பல்பு எரிந்தது. கடைக் கண்ணாடிகளில் உட்பக்கமிருந்து எழுத்தைத் திருப்பி எழுதியே பதினைந்து வருஷம் சோறு தின்றவர் அவர். கண்ணாடியில் வலது இடதாகும். நத்தைக்கு மட்டும் ஆகாதா என்ன?

மேலே ஓடினார். அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் சாய்த்து நிறுத்தினார். அதன் எதிரே ஜாடி. ஜாடிக்கு முன்னால், நாற்காலியில் உட்காருகிறவருக்கு நேராக, பாதி எழுதிய ஒரு சலூன் போர்டை மறைப்பாக வைத்தார். நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தார். ஜாடி தெரியவில்லை. கண்ணாடியில் நத்தை மட்டும் தெரிந்தது. அழகான இடச்சுழி.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மணி பத்து அடித்தது. கூடவே காலிங் பெல்லும். கதவைத் திறந்தார். சாம்பல் சட்டை, குடை, தோல் பெட்டி.

"கல்வி அலுவலகம்" என்றார் பாத்தி ஆள்.

போர்டுக்காரர் கதவைப் பாதியில் பிடித்தபடி நின்றார். "நீங்க... கீழேயே..."

"எட்டரைக்கே வந்துட்டேன். நேரம் தவறக் கூடாதுன்னு எப்பவும் ஒன்றரை மணி நேரம் முன்னாடி வந்துடுவேன். ஆனா பத்துக்குத்தான் பெல் அடிப்பேன்."

உள்ளே வந்து, சொன்ன நாற்காலியில், சொன்ன கோணத்தில் உட்கார்ந்தார். சிவப்புப் பலகையை நிதானமாக இரண்டு முறை படித்தார். ஊசியின் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார்.

"இடச்சுழி" என்றார்.

"ஆமா சார், லட்சத்துல ஒண்ணு" என்றார் போர்டுக்காரர். நம்பிவிட்டாரா? நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

"அது எக்ஸ்பிரஸ் இல்லை" என்றாள் ஊசி. "கண்ணாடில எல்லாம் மாறும். அப்பா மூக்கு மச்சம்கூட மாறும்."

சலூன் போர்டு சரிந்து விழுந்தது. அதற்கும் மனசாட்சி இருந்திருக்க வேண்டும். பின்னால் ஜாடிக்குள் வலச்சுழி நத்தை, யாருக்கோ சாட்சி சொல்ல வந்தது போல நான்கு கொம்பையும் நீட்டி நின்றது.

அதிகாரி நோட்டை மூடினார். "அப்ப உயிரினம் காட்டப்படலை."

போர்டுக்காரர் மகளைப் பார்த்தார். அவள் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தன. போன வருஷம் பார்த்த அதே மூடல். நானே மூடிவிட்டேன் என்று நினைத்தார். பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பார்க்காததைக் காட்டப் போனேன்.

கோந்து எழுந்து போய், தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அதிகாரியிடம் நீட்டினான். அவர் வாங்கிச் சுற்று ஓரத்தை முதலில் கடித்தார். கோந்து முட்டைக்கோஸ் காம்பால் அவர் முழங்கையைத் தொட்டான். அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"தொட்டா சுருங்குது" என்றான் கோந்து.

"மூச்சு விடுது" என்றாள் ஊசி. உதடு பிரிந்துவிட்டது. "சாப்பிடுது. நகருது." சோபா மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தாள். "நான் இவரை எழுதப் போறேன். தொண்ணூறு நாள்."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா, சார் பெரிய..." என்று போர்டுக்காரர் பதறினார்.

அதிகாரி கையை உயர்த்தினார். தோல் பெட்டியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். ஐந்து நிமிடம் யாரும் மூச்சு விடவில்லை, உயிரினத்தைத் தவிர.

"விதி பதினாலு. உயிரினம் இறந்தாலோ காணாம போனாலோ ஒரே ஒரு தடவை வேற ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். தொண்ணூறு நாள் புதுசா ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் பழைய அனுமதி நீடிக்கும்." இன்னொரு பக்கம் புரட்டினார். "மனுஷன் கூடாதுன்னு எங்கயும் போடலை. அதிகாரி கூடாதுன்னும் போடலை."

"ஆனா சார், நீங்க இங்க வசிக்கலையே?" கேட்ட பிறகுதான் போர்டுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போன வருஷம் ஒரு வீட்டுல காக்கா. ஜன்னலுக்கு வந்துட்டுப் போகும். வந்து போற உயிரினமும் செல்லும்னு நான்தான் குறிப்பு எழுதினேன். இப்ப காக்காவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம்னு சொல்ல முடியாது பாருங்க." பெட்டியை மூடினார். "தினமும் பத்து மணிக்கு வரேன். கால் மணி நேரம் போதும்னு நினைக்கறேன்."

"பேர் பெட்டி" என்றான் கோந்து. உயிரினத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை எப்போதும் அவனுக்குத்தான்.

"சரி" என்றார் பெட்டி.

ஊசி புது நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினாள். ஏனோ இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினாள். போர்டுக்காரர் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட மனைவி, கையில் இருந்த டீயை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஒரு நத்தையைத் தொலைச்சுட்டு, பதிலுக்கு ஆபீசரைப் பிடிச்சு ஜாடில போட்டிருக்கீங்க. நாளைக்கு எங்க டிப்போ மேனேஜரையும் கொண்டுவரட்டுமா?"

பெட்டி வந்தார். ஒரு நாள் தவறாமல் வந்தார். எட்டரைக்கே கேட்டில் வந்து நின்று, பத்துக்குப் பெல் அடித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், பிஸ்கட் ஓரம் கடித்தார், போனார். மூன்றாம் வாரத்திலிருந்து படப் புத்தகத்தையும் கூடவே பார்க்க ஆரம்பித்தார். எதுவும் கேட்க மாட்டார். "இந்த நாய்க்குப் போன பக்கத்துல வால் வெள்ளையா இருந்துது" என்பார். ஊசி போய்ப் போன பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஆமா" என்பாள். அப்படியே பேச்சு வளர்ந்தது. மழைத்தண்ணீர் ஏன் வட்டமாக அலை போடுகிறது, எறும்பு ஏன் வரிசையில் நின்று நின்று போகிறது என்று அவள் அவருக்குச் சொல்வதைப் போர்டுக்காரர் தூரிகையைக் காற்றில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு மிட்டாய்க்கடை போர்டில் அப்படித்தான் ஒரு துணைக்கால் விட்டுப்போனது.

நாற்பத்தோராம் நாள் பெட்டி வரவில்லை. போன் செய்தார். குரல் தவளை மாதிரி இருந்தது. காய்ச்சல்.

ஒரு நாள் பார்க்காவிட்டாலும் நோட்டு செல்லாது. போர்டுக்காரர் டிப்போவுக்குப் போன் போட்டார். மனைவி பல்லைக் கடித்தது போனிலேயே கேட்டது. "அவர் வீடு என் ரூட்லதான் இருக்கு. பதினொண்ணரை டிரிப்ல ஏறுங்க."

ஒன்பதாம் நம்பர் பஸ் ஸ்டாப் இல்லாத ஒரு தெருவில், ஒரு மஞ்சள் கட்டடத்துக்கு எதிரே நின்றது. முதல் மாடி பால்கனியில் பெட்டி, கழுத்தில் மஃப்ளர் சுற்றி, போர்வை போர்த்தி நின்றிருந்தார். ஊசி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து எழுதினாள். பஸ்ஸில் இருந்த அறுபது பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"யாரும்மா அது? சொந்தக்காரரா?" என்றார் காய்கறிக் கூடைக்காரர்.

"பாடம்" என்றாள் டிரைவர் அம்மா, கண்ணாடியைச் சரிசெய்தபடி.

"தும்மச் சொல்லுங்க, தும்மினா ரொம்ப நல்லாருக்கும்" என்றான் கோந்து. சொன்னது கேட்டது போலப் பெட்டி தும்மினார். பஸ் கைதட்டியது. பஸ் கிளம்பியது.

தொண்ணூறாம் நாள் வந்தது.

இப்போது ஒரு சிக்கல். உயிரினம் உயிருடன் இருப்பதை அதிகாரி நேரில் கண்டு கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரியே உயிரினம்.  பெட்டி அந்த அலமாரிக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். தன்னைத் தானே மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியில் வாய் வைத்து ஊதினார். ஆவி படிந்தது.

"உயிருடன் உள்ளது" என்று படிவத்தில் எழுதினார். இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார், பார்த்தவராக ஒன்று, பார்க்கப்பட்டவராக ஒன்று. முத்திரை குத்தினார். "பன்னிரண்டு வயசு வரைக்கும் வீட்டுலயே படிக்கலாம். வேற உயிரினம் தேவையில்லை."

போர்டுக்காரர் படிவத்தை வாங்கிக் கையெழுத்து இரண்டையும் பார்த்தார். அவர் வாய் திறப்பதற்குள் பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கடைசிப் பக்கம்" என்றாள் ஊசி.

போர்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கீழே, கேட் அருகே, பிள்ளைகள் அதிகாரியைச் செடிப் பாத்தியின் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெரிய இலைக்குப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள். கையை விட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் படியேறி வந்தார்கள். பெட்டி அங்கேயே நின்றார். குடையை விரித்துப் பார்த்தார், மூடினார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, தெருவோரமாகவே நடந்து போனார்.

நோட்டு மேஜையில் இருந்தது. எழுதி முடித்தாகிவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். போர்டுக்காரர் முதல் பக்கத்தைத் திறந்தார். அவர் அதுவரை பார்க்காத பக்கம். வளைந்து நெளிந்த ஏழு வயது எழுத்து:

'காலை எட்டே முக்கால். எக்ஸ்பிரஸ்ஸுக்குத் தொண்ணூறாம் நாள். கடைசிப் பக்கம். அதனால் வீட்டுக்கு அனுப்பினோம். கேட் பக்கத்துப் பெரிய இலைக்குக் கீழே விட்டோம். அங்கே ஒரு உயிரினம் நின்றது. பெட்டி வைத்திருந்தது. எக்ஸ்பிரஸ்ஸைக் கையில் எடுத்தது. கொம்பை எண்ணியது. நாலு என்று சொன்னது. திரும்ப இலைக்குக் கீழே வைத்தது. எங்களை எதுவும் கேட்கவில்லை. அடுத்து இதைத்தான் எழுதுவேன்.

ஒன்பதரை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்பா தேட வந்தார். உயிரினம் பெட்டியை எக்ஸ்பிரஸ்ஸுக்கு முன்னால் நகர்த்தி வைத்து மறைத்தது. அப்பா கேட்கவில்லை. அதுவும் சொல்லவில்லை.'